மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா?

டிரைவர் சீட் நகர மாட்டேங்குது. விஷயம் அவ்வளவுதான். இன்ஜின் நல்லா இருக்கு, ஏ.சி. நல்லா இருக்கு, பிரேக் பிடிக்குது. பட்டனை அழுத்தினா முன்னாடி வரவேண்டிய சீட் மட்டும் வரலை. இந்தச் சின்ன விஷயத்துக்கு மறைமலை நகர்லேர்ந்து தாம்பரம் வரைக்கும் என்னை அலையவிட்டாங்கன்னா நம்புவீங்களா? நம்புவீங்க. உங்க வீட்டிலயும் ஏதோ ஒண்ணு இப்படித்தான் ரிப்பேர் ஆகாமக் கிடக்கும்.

"பவர் சீட் எல்லாம் வசதிக்காரங்க சமாச்சாரம், அது ஓடலைன்னா ஒரு குறையா?"ன்னு சிலர் கேட்டாங்க. குறைதான். எங்க வீட்ல இருக்கிறது ஒரே வண்டி, அதுவும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. கணவர் ஆறடிக்குக் கிட்ட. நான் அஞ்சடிக்கும் கீழே. அவர் ஒரகடத்துல நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து வண்டியை நிறுத்துவார், காலையில நான் எடுத்துக்கிட்டு தாம்பரம் கிளம்பணும். அவர் உட்கார்ந்து ஓட்டின இடத்துலயே சீட் நின்னுபோச்சு. எனக்கு கிளட்ச் முழுசா எட்டாது. கையால இழுக்கிற லீவர் வெச்ச சீட்னா இழுத்து விட்டுக்கிட்டுப் போயிருப்பேன். மோட்டார் சீட்ல லீவர் கிடையாது. மோட்டார் நின்ன இடத்துல சீட்டும் நிக்கும். அப்புறம் நான் எப்படி வேலைக்குப் போறது?

முதல்ல பெரிய சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்லை. சொல்லி என்ன ஆகப்போகுது, பக்கத்து ஷோரூமுக்குப் போனாலும் இதே கதைதான்னு நாலு பேர் சொல்லிட்டாங்க. அட்வைசர் தம்பி டேப்லெட்டோட வந்தார். சீட்டைப் பத்தி நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டார். எல்லாம் கேட்டுட்டு, "சார் வரலையா மேடம்? சார்கிட்ட பேசிக்கவா?"ன்னார். வண்டி என் பேர்ல. ஓட்டறது நான். கோளாறைக் கண்டுபிடிச்சு, மழைக்காலத்துலேர்ந்தே சீட் மெதுவா நகர ஆரம்பிச்சதுன்னு தேதியோட சொன்னதும் நான்தான். சார்கிட்ட என்ன பேசணும்?

அந்த "மெதுவா நகர ஆரம்பிச்சது"ங்கிற வார்த்தையை அவர் எழுதிக்கவே இல்லை. அதைத்தான் இன்னைக்கும் என்னால ஜீரணிக்க முடியலை. ஏன்னா மொத்தக் கோளாறும் அந்த ஒரு வரியிலதான் இருந்துச்சு.

ஸ்கேனரை மாட்டினாங்க. ஸ்டீரிங்குக்கு அடியில ஒரு சாக்கெட் இருக்குமே, அதுல. சீட்டைப் பத்தி ஸ்கேனர் ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லலைங்கிறதையே காரணமா எடுத்துக்கிட்டு, "சீட் மாட்யூல் போயிருக்கு மேடம். மாட்யூல் தனியா வராது, அசெம்பிளியா மாத்தணும்"னு சொல்லி எஸ்டிமேட் போட்டுக் கையில கொடுத்துட்டாங்க. என் ஒரு மாசச் சம்பளத்தைவிட அதிகம். அதோட ஆர்டர் போட்டு வரவழைக்கணுமாம், அட்வான்ஸ் கட்டணுமாம். "அதுவரைக்கும் முதுகுக்குப் பின்னாடி தலையணை வெச்சு ஓட்டிக்கோங்க மேடம்."

தலையணையா? ஜி.எஸ்.டி. ரோட்ல? ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் காலையில எட்டு மணிக்கு ஒருதடவை வண்டி ஓட்டிப் பாருங்க. ஷேர் ஆட்டோ சடார்னு ஓரம் கட்டும், பஸ் குறுக்கே வரும், நாம அவசரத்துக்கு பிரேக்கை ஓங்கி மிதிக்கணும். மிதிக்கிற கால் ஊன்றிக்க, முதுகு உறுதியா சாயணும். தலையணை அமுங்கும். அமுங்கின அளவுக்கு மிதி குறையும். வண்டி எங்கயாவது மோதினா இன்னும் ஆபத்து. நெஞ்சுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவுல 25 சென்டிமீட்டராவது இருக்கணும், ஏர்பேக் விரியறதுக்கு அந்த இடம் வேணும்னு அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்புத் துறை சொல்லுது. என்னை மாதிரி குள்ளமானவங்களுக்கு அந்த இடைவெளியும் வேணும், பெடலும் எட்டணும். ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கத்தான் சீட்டை முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தற மாதிரி செஞ்சிருக்காங்க. அப்படிப்பட்ட சீட் சொகுசா? இல்லை, அது பாதுகாப்புச் சாமான். சர்வீஸ் சென்டர்ல உட்கார்ந்து தலையணை வெச்சுக்கோன்னு சொல்றவருக்கு அது தெரிய வேண்டாமா?

இன்னொண்ணும் நடந்துச்சு. செக் பண்றேன்னு சீட்டுக்கு அடியில கையை விட்டு கனெக்டரை எல்லாம் பிடுங்கிப் பார்த்தாங்க, இக்னிஷன் ஆன்ல இருக்கும்போதே. வண்டியைத் திருப்பிக் கொடுத்தப்போ டேஷ்போர்டுல ஏர்பேக் விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. சீட்டுக்கு அடியில மஞ்சள் கலர்ல ஒரு கனெக்டர் இருக்கும். சைடு ஏர்பேக், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் எல்லாம் அந்த வழியாத்தான் போகும். அதை ஆன்ல கழட்டினா கம்ப்யூட்டர் கோளாறுன்னு பதிவு பண்ணிக்கும். திரும்ப மாட்டினாலும் பல வண்டிகள்ல விளக்கு தானா அணையாது. விளக்கு எரியற வரைக்கும் மோதினா ஏர்பேக் விரியும்கிறதுக்கு உத்தரவாதம் இல்லை. இதைக் கேட்டதுக்கு என்ன பதில் தெரியுமா? "அது சின்ன எரர் மேடம், அடுத்த தடவை வரும்போது அழிச்சிடலாம், அதுக்கு ஸ்கேனிங் சார்ஜ் தனி." நகராத சீட்டோட போனேன். நகராத சீட்டோடயும் எரியற விளக்கோடயும் திரும்பினேன்.

அடுத்தது கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு அக்சஸரீஸ் கடை. பார்த்த உடனே கடைக்காரர், "சுவிட்ச்தான் போயிருக்கு, நூறு சதவீதம்"னார். தொட்டுக்கூடப் பார்க்கலை. புது சுவிட்ச் போட்டாங்க, சீட் அசையலை. சரி, சுவிட்ச் கோளாறு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, எடுத்துக்கோங்கன்னு சொன்னா, சுவத்துல ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ் ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்களாம். அவர் ஊகத்துக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்? இன்னொருத்தர் இன்னும் சுலபமா வழி சொன்னார். புதுப்பேட்டைக்குப் போய் ஒடைச்ச வண்டியோட சீட்டை அப்படியே வாங்கி மாட்டிடுங்கன்னு. அந்த சீட்டோட ஏர்பேக் என்ன கதியில இருக்கும்னு யார் சொல்றது?

இத்தனை பேர்ல ஒருத்தர்கூட மல்டிமீட்டரைக் கையில எடுக்கலைங்க. ஒருத்தர்கூட.

இந்த இடத்துல பவர் சீட் எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்லியாகணும். பொறுமையா கேளுங்க, பெரிய ரகசியம் ஒண்ணுமில்லை. பேட்டரியில இருந்து ஒரு தடிச்ச வயர், நடுவுல ஒரு ஃபியூஸ், பெரும்பாலும் 30 ஆம்பியர் மாதிரி. அது சீட் ஓரத்துல இருக்கிற சுவிட்சுக்கு வரும். சுவிட்ச்லேர்ந்து ஒவ்வொரு மோட்டாருக்கும் ரெண்டு வயர். முன்னும் பின்னும் போக ஒரு மோட்டார், முதுகு சாய ஒண்ணு, உயரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. எல்லாம் சாதாரண டி.சி. மோட்டார். சும்மா இருக்கும்போது மோட்டாரோட ரெண்டு முனையும் கிரவுண்ட்ல, அதாவது வண்டி பாடியில சேர்ந்திருக்கும். முன்னாடி அழுத்தினா ஒரு முனைக்கு 12 வோல்ட் வரும், இன்னொண்ணு கிரவுண்ட்லயே இருக்கும். பின்னாடி அழுத்தினா அதுவே தலைகீழ். போன கரண்ட் எல்லாம் கடைசியில ஒரே கிரவுண்ட் வயர் வழியா பாடிக்குத் திரும்பணும். அவ்வளவுதான் சங்கதி.

மெமரி வெச்ச சீட்னா கதை வேற. யாரு எங்க உட்கார்ந்தாங்கன்னு ஞாபகம் வெச்சுக்க மாட்யூல் வேணும், மோட்டார் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ண சென்சார் வேணும், அந்த மாட்யூல்தான் ஸ்கேனரோட பேசும். என் வண்டியில மெமரி கிடையாது. மெமரி இல்லைன்னா? மாட்யூலே இல்லை! இல்லாத மாட்யூல் கெட்டுப்போச்சுன்னு எனக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. ஸ்கேனர் ஒண்ணும் சொல்லாததுக்குக் காரணம், சொல்றதுக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை. எல்லா வண்டியிலயும் பொதுவா இருக்கிற அந்த சாக்கெட்டை முதல்ல வெச்சதே இன்ஜின் புகையைக் கண்காணிக்கத்தான். ஒரு கிரவுண்ட் வயர் துருப்பிடிச்சிருக்குன்னு அது எப்படிச் சொல்லும்?

கடைசியில சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன். தகர ஷெட், ஒரு பெஞ்சு, நாலு பேட்டரி சார்ஜ்ல. போன உடனே அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "திடீர்னு நின்னுச்சாம்மா, இல்ல மெதுவாகி மெதுவாகி நின்னுச்சா?"

எனக்குக் கண் கலங்கிடுச்சு. பொய் சொல்லலை. நான் எல்லா இடத்துலயும் சொல்லி யாரும் காதுல வாங்காத வரியை இந்த மனுஷன் கேள்வியா கேக்கறார்.

"மெதுவாத்தான் அண்ணே. மழை முடிஞ்சதுலேர்ந்து."

"முதுகு சாயறது, உசரம் ஏத்தறது?"

"எல்லாமே சேர்ந்து நின்னுபோச்சு."

"அப்ப மோட்டார் இல்லம்மா. எல்லா மோட்டாரும் ஒண்ணா சாகாது. எல்லாத்துக்கும் பொதுவா எது இருக்கோ அதைப் பார்க்கணும்."

சீட்டைத் தொடறதுக்கு முன்னாடியே, உட்கார்ந்து யோசிச்சே பாதியைக் கழிச்சுட்டார். நாலு மோட்டாரும் சேர்ந்து நின்னா ஃபியூஸ், வர்ற வயர், சுவிட்ச், கிரவுண்ட், கனெக்டர் இவ்வளவுதான் பாக்கி. சுவிட்ச் ஏற்கெனவே மாத்தியாச்சு. ஃபியூஸ் போனா ஒரேயடியா நிக்கும், மெதுவாகாது. பேட்டரி வயரைக் கழட்டி வெச்சுட்டு, டீ குடிச்சுட்டு வரலாம்மான்னார். ஏர்பேக்ல தேங்கியிருக்கிற கரண்ட் இறங்கறதுக்கு அந்த நேரம். அப்புறம்தான் சீட்டோட போல்ட்டைக் கழட்டிச் சாய்ச்சார். பவர் கனெக்டரை மட்டும் பிரிச்சார். மஞ்சள் கனெக்டர்ல மீட்டர் முனையை வைக்கவே மாட்டேன்னுட்டார், மீட்டர்லேர்ந்து போற சின்னக் கரண்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம்னு. திரும்ப பேட்டரியைக் கொடுத்தப்போகூட சாவியைத் தொடலை. சீட்டுக்கு வர்ற கரண்ட் இந்த வண்டியில பேட்டரியிலேர்ந்து நேரா வருது, சாவி தேவையில்லைன்னார்.

இப்ப பவர் கனெக்டர்ல மீட்டரை வெச்சார். 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டுச்சு. எனக்கு மனசு விழுந்துபோச்சு. எல்லாம் சரியா இருக்கே, அப்புறம் என்ன? அவர் சிரிச்சுக்கிட்டே இண்டிகேட்டர்ல போடற 21 வாட் பல்ப் ஒண்ணை, வயர் சாலிடர் பண்ணி வெச்சிருந்தாரு, அதை எடுத்து அதே ரெண்டு முனையில கொடுத்தார். பல்ப் சும்மா சிவப்பா முனகுச்சு. மீட்டர்ல இருந்த 12 வோல்ட் அப்படியே சரிஞ்சுபோச்சு. குழாயை மூடி வெச்சிருக்கும்போது பைப்புல பிரஷர் முழுசா இருக்கும், திறந்தாத்தானே உள்ளே அடைப்பு இருக்கிறது தெரியும்? மீட்டர் சும்மா எட்டிப் பார்க்குது, கரண்டை இழுக்கிறதில்லை. பல்ப் ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும். மோட்டார் அதைவிட அதிகமா இழுக்கும். வேலை வாங்கிப் பார்த்தாத்தான் வயரோட யோக்கியதை தெரியும்.

அடுத்தது பல்போட ஒரு முனையை அப்படியே வெச்சுக்கிட்டு, கிரவுண்ட் முனையை மட்டும் எடுத்து, சுரண்டின பாடி இரும்புல வெச்சார். பளிச்சுன்னு எரிஞ்சுது.

முடிஞ்சுது. வர்ற கரண்ட் சரி, திரும்பிப் போற வழிதான் சரியில்லை. ரெண்டு இடத்துல பல்ப் வெச்சுப் பார்த்ததுல கோளாறு எந்தப் பக்கம்னு முடிவாயிடுச்சு. கதவோரத்துல கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில இருந்த ஃபோம் இன்னும் ஈரமா இருந்துச்சு. தரையில ஒரு போல்ட், அதுல வந்து சேர்ற கிரவுண்ட் வயர். பச்சையும் பழுப்புமா பூத்துப்போய்க் கிடந்துச்சு. கழட்டி, எமரி பேப்பர் போட்டு, புது லக் அடிச்சு, கிரீஸ் தடவி முறுக்கினார். ஈர ஃபோமை வெயில்ல காயப் போடச் சொன்னார். எல்லாத்தையும் மாட்டிட்டு பட்டனை அழுத்தினேன். சீட் முன்னாடி வந்துச்சு. அவர் வாங்கின கூலி, நான் அந்த வேண்டாத சுவிட்சுக்குக் கொடுத்ததுல பாதிகூட இல்லை.

யோசிச்சுப் பாருங்க. இது தாம்பரம் ஏரியா. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் எப்படி மிதந்துச்சுன்னு நாடே டி.வி.யில பார்த்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ மறுபடியும் தண்ணி. பெரிய வெள்ளமே வேண்டாம், ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் தெருவுல முழங்கால் தண்ணியில வண்டி நிக்கிற ஊர் இது. கதவு ஓரம் வழியா கசிஞ்ச தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியில மாசக்கணக்கா நிக்கும், அங்க போற வயரும் போல்ட்டும் பூக்கும். இந்த ஏரியாவுல சர்வீஸ் சென்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு, மழைக்கு அப்புறம் எலக்ட்ரிக்கல் கோளாறுன்னு ஒருத்தர் வந்தா முதல்ல கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கணும்னு தோண வேண்டாமா?

ஏர்பேக் விளக்கை அணைக்கப் போனப்போ இதையே அந்த சர்வீஸ் சென்டர் அட்வைசர்கிட்ட கேட்டேன். கேக்காம விடற ஆள் இல்லை நான். "கிரவுண்ட் செக் பண்றதெல்லாம் எங்க ப்ரொசீஜர்ல வராது மேடம்"னார். உள்ளே வேலை செய்யற ஒரு சின்னப் பையன், ஐ.டி.ஐ. முடிச்சவன், வெளியே வந்து மெல்லச் சொன்னான்: "எங்களுக்கும் தெரியும்க்கா. வோல்டேஜ் டிராப் பார்க்கிறது படிச்சிருக்கோம். ஆனா ஒரு வண்டிக்கு இவ்வளவு நேரம்னு கணக்கு. தேடறதுக்கு நேரம் தர மாட்டாங்க. மாத்தறதுக்குத்தான் நேரமும் இருக்கு, இன்சென்டிவும் இருக்கு." அவன்மேல எனக்குக் கோவம் இல்லை. படிச்ச படிப்பை உபயோகிக்க விடாம அந்தப் பையனை நட்டு முறுக்க மட்டும் வெச்சிருக்காங்களே, அந்த வயித்தெரிச்சல்தான்.

அதுவும் எந்த ஊர்ல? மறைமலை நகர்ல! 1990கள்ல மஹிந்திராவோட சேர்ந்து இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு, இங்கதான் தொழிற்சாலை போட்டுச்சு. அப்புறம் 1999ல ஐகான், 2010ல ஃபிகோ, 2013ல எக்கோஸ்போர்ட். இங்க செஞ்ச எக்கோஸ்போர்ட் கப்பலேறி அமெரிக்காவுக்கே போச்சு. பக்கத்துல மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில 2007லேர்ந்து பி.எம்.டபிள்யூ அசெம்பிள் பண்றாங்க. ஒரகடத்துல ரெனோ, இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய். எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் ஏதாவது ஒரு லைன்ல நின்னவங்க. வயரிங் ஹார்னஸ் கட்டின பெண்கள் எத்தனை பேர் தெரியுமா, எந்தக் கலர் வயர் எந்த பின்னுக்குப் போகும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வாங்க.

2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தறோம்னு ஃபோர்டு அறிவிச்சுது. 2022 ஜூலையில கடைசி வண்டி வெளியே வந்துச்சு. அந்தக் கைகளெல்லாம் எங்க போச்சு? சிலர் வேற கம்பெனி, சிலர் டெலிவரி, சிலர் ஊருக்கே போய் விவசாயம். பக்கத்து பிளாக்ல ஒரு அண்ணன், லைன்ல எலக்ட்ரிக்கல் செக்கிங்ல இருந்தவர், இப்ப டிராவல்ஸ் வண்டி ஓட்டறார். அவர்கிட்ட என் கதையைச் சொன்னப்போ, "மெதுவாச்சுன்னு சொன்னீங்களே, கிரவுண்ட்தான்"னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டார். அவருக்கு டெஸ்ட் பண்ணத் தெரியும், ஆனா அவர் கையில இப்ப இருக்கிறது ஸ்டீரிங். 2025 அக்டோபர்ல ஃபோர்டுக்காரங்க தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டிருக்காங்க, 3,250 கோடி ரூபாய் முதலீட்டுல இங்க இன்ஜின் செய்யப்போறாங்க, 2029ல உற்பத்தி ஆரம்பம்னு. வரட்டும், நல்லா வரட்டும், பிள்ளைங்களுக்கு வேலை கிடைக்கட்டும். ஆனா செய்யக் கத்துக்கிட்ட ஊருக்கு, செஞ்சதைப் பழுது பார்க்கிற பிழைப்பும் சேர்ந்து கிடைக்க வேண்டாமா? அந்த அண்ணன் நாளைக்கே ஒரு ஷெட் போட்டு உட்கார்ந்தா, அவருக்கு வயரிங் படம் யார் கொடுப்பாங்க?

படம். அங்கதான் இருக்கு எல்லாமே. சிங்கப்பெருமாள் கோவில் எலக்ட்ரீஷியன் கிளம்பும்போது சொன்னார்: "படம் இருந்தா அஞ்சே நிமிஷம்மா. எந்த போல்ட்ல கிரவுண்ட்னு அதுலயே போட்டிருக்கும். நமக்கு யாரு தர்றாங்க?" அவர்கிட்ட இருக்கிறது யாரோ வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பின மங்கலான போட்டோ, அதுவும் வேற மாடலுக்கு. மீதியெல்லாம் வயர் கலரும் அனுபவமும்.

இது அவர் ஒருத்தரோட குறை இல்லை. 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி, கம்பெனிகளோட போட்டி நியாயமா நடக்குதான்னு பார்க்கிற காம்பெடிஷன் கமிஷன் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. எதுக்கு? ஸ்பேர் பார்ட்ஸையும் கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாம, தங்களோட டீலர்கள்கிட்டயே முடக்கி வெச்சதுக்கு. ஒரு தனி மனுஷர் கொடுத்த புகார்ல ஆரம்பிச்ச வழக்கு அது. வெளியில ரிப்பேர் பார்த்தாங்கங்கிற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை ஒட்டுமொத்தமா ரத்து பண்ணக்கூடாதுன்னும் அந்த உத்தரவுல இருக்கு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. அப்புறம் 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு கமிட்டி போட்டுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல ஒரு போர்ட்டல் திறந்தாங்க. போன், வீட்டுச் சாமான், விவசாய மெஷினோட சேர்த்து வாகனமும் அதுல ஒரு பிரிவு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012லயே மக்கள் ஓட்டுப் போட்டு இந்த உரிமையைச் சட்டமாக்கிட்டாங்க. ஐரோப்பாவுல 2007லயே விதி வந்துடுச்சு, வெளி மெக்கானிக்குக்கும் ரிப்பேர் விவரம் கொடுத்தாகணும்னு. இங்க உத்தரவு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. சிங்கப்பெருமாள் கோவில் ஷெட்டுக்கு ஒரு படம் வந்து சேரலையே!

படம் உள்ளவங்க மீட்டரை எடுக்கறதில்லை. மீட்டர் பிடிக்கிறவங்ககிட்ட படம் இல்லை. நடுவுல நாம காசு கட்டிக்கிட்டு நிக்கறோம்.

கார் மட்டும்னு நினைக்காதீங்க. வாஷிங் மெஷின் நின்னா "போர்டு போச்சு." டி.வி. இருண்டா "பேனல் போச்சு, புதுசே வாங்கிடலாம்." எங்க வீட்டு இன்வெர்ட்டருக்கும் இதே தீர்ப்பு சொன்னாங்க, பேட்டரி முனையில உப்பு பூத்திருந்ததைச் சுரண்டினதும் ஓடுது. எல்லா இடத்துலயும் தேடறதுங்கிற வேலை செத்துக்கிட்டு இருக்கு. என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கிறதுக்குக் கூலி கொடுக்க நாமளும் யோசிக்கறோம், அதையும் சொல்லணும். "பார்த்தது மட்டும்தானே, எதுக்கு ஐநூறு?"ன்னு கேக்கறோம். பார்க்கிறதுதாங்க வேலை. மாத்தறதுக்கு ஸ்பானர் போதும். அந்த எலக்ட்ரீஷியன் ரெண்டு இடத்துல பல்ப் வெச்சதுக்குப் பின்னாடி எத்தனை வருஷ அறிவு இருக்கு! அவர் மகன் இந்தத் தொழிலுக்கு வர மாட்டேன்னுட்டானாம். காரணம் கேட்டா, "இதுல என்னப்பா மரியாதை இருக்கு"ன்னானாம். கேட்டதும் எனக்கு வலிச்சுது.

அதனால உங்ககிட்ட கேட்டுக்கறேன். இனிமே யாராவது "மாட்யூல் போச்சு, போர்டு போச்சு"ன்னு சொன்னா, உடனே தலையாட்டிட்டு வராதீங்க. மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா, எங்க வெச்சீங்க, லோடு கொடுத்து எத்தனை வோல்ட் வந்துச்சுன்னு கேளுங்க. பதிலை ஜாப் கார்டுல எழுதித் தரச் சொல்லுங்க. பார்ட் மாத்தினா பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிட்டு வாங்க, அது உங்க சாமான். பெண்கள் போனா "சார் வரலையா"ன்னு கேப்பாங்க. வரலை, என்கிட்டயே சொல்லுங்கன்னு சொல்லுங்க. பதில் சரியில்லைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க. அதுக்கு மேலயும் போகணும்னா செங்கல்பட்டுல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. வாங்கின பொருளுக்கோ வேலைக்கோ கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரைக்கும்னா புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது.